பழைய ஹெரால்டு காரின் தகட்டு வேலைக்கு நல்ல டிங்கர் மேஸ்திரியை எப்படி அடையாளம் காண்பது?

எர்ணாவூர்க்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் எண்ணூரில் பணிபுரிந்த காலத்தில், 1974இல், தம் மேலதிகாரி ஒருவரிடமிருந்து வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் எங்கள் வீட்டில் இருக்கிறது. அது 1966ஆம் ஆண்டு வண்டி. இரண்டு கதவுகள் கொண்டது. நம் வண்டலூர்த் தொழிற்சாலையில் உருவானது. தந்தையார் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைத் துடைத்து, எண்ணூர் நெடுஞ்சாலையில் சிறிது தூரம் ஓட்டிவிட்டு வருவார். அவர் மறைந்தபின் வண்டி கொட்டகையிலேயே நின்றுவிட்டது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எர்ணாவூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தத் தண்ணீர் எங்கள் கொட்டகையில் கார்க் கதவின் அடிவிளிம்பு வரை இரண்டு நாட்கள் நின்றது. வடிந்தபின் நான் வெளிப்புறத்தைக் கழுவினேனே தவிர, தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்கவில்லை. அது என் தவறு. இப்போது ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறது; கதவுகளுக்குக் கீழே ஓடும் தகடு இருபுறமும் பொரிந்து உதிர்கிறது; டிக்கியின் தரையும் பலவீனமாகத் தெரிகிறது.

மூன்று இடங்களில் கேட்டுவிட்டேன். முதல் பட்டறையில், பழைய தரையின் மேலேயே புதுத் தகடு போட்டு, அடியில் தார் பூசி, பட்டி (மேடு பள்ளத்தை நிரப்பும் பசை) பார்த்து, இருபது நாளில் பெயிண்ட் அடித்துத் தருவதாக ஒரு மொத்தத் தொகை சொன்னார்கள். இரண்டாவது இடத்தில் வண்டியைக் காயலான் கடைக்குப் போடச் சொன்னார்கள். மூன்றாமவர் கொருக்குப்பேட்டையில் ஒரு சந்துக்குள் வேலை செய்யும் முதியவர், பெயர்ப்பலகை கிடையாது, ஓர் உதவியாள் மட்டும் இருக்கிறார். அவர் வீட்டுக்கு வந்து, சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்து, சிறு சுத்தியலால் அங்கங்கே தட்டிக் கேட்டுவிட்டு, “பெயிண்டை உரிக்காமல் நான் தொகை சொல்ல முடியாது; நாள் கூலியாகத்தான் செய்வேன்” என்று கூறிச் சென்றுவிட்டார். வீட்டில் உள்ளவர்கள், கணக்கு முடிவில்லாமல் போய்விடும் என்று அஞ்சி, தொகை சொன்னவரிடமே கொடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு மனம் மூன்றாமவர் பக்கம் சாய்கிறது. ஆனால் அதற்கு என்னிடம் காரணம் இல்லை. தகட்டு வேலையில் ஒருவருக்குக் கைத்திறன் இருக்கிறதா என்பதை, அந்த வேலை தெரியாத என்னைப் போன்றவன் எப்படித் தெரிந்துகொள்வது? நாள் கூலிக்கு ஒப்புக்கொள்வது சரிதானா?

பெரம்பூர் தகட்டுக்காரர் பதிலளித்தது:

தம்பிக்கு வணக்கம். நான் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் தகட்டு வேலைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ரயில் பெட்டியின் தகடு கார்த் தகட்டைவிடத் தடிமனானது. ஆகவே கார் வேலையில் என்னை மேஸ்திரி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனாலும் தகட்டின் குணம் எங்கும் ஒன்றுதான் என்பதால் சில செய்திகளைச் சொல்கிறேன்.

பெயிண்டை உரிக்காமல் தொகை சொல்ல மறுத்தவர்தான் உங்களிடம் உண்மை பேசியிருக்கிறார். துரு என்பது வெளியே ஒரு ரூபாய் அளவு தெரிந்தால் உள்ளே ஒரு கை அகலத்துக்குப் பரவியிருக்கும். பழைய தரையின் மேலேயே புதுத் தகடு போடுவது அந்தத் துருவைப் போர்வை போர்த்திப் பாதுகாப்பதற்குச் சமம். இரண்டு தகடுகளுக்கு நடுவே தண்ணீர் நின்று, புதியதையும் சேர்த்து அரிக்கும். உங்கள் வீட்டுக்கு வந்த தண்ணீரில் எண்ணெயும் கலந்திருந்ததால், மடிப்புகளுக்குள் அந்தப் பிசுபிசுப்பு இன்னும் இருக்கும். அதைக் கழுவி எடுக்காமல் அடிக்கும் எந்தப் பூச்சும் தகட்டைப் பிடிக்காது.

கைத்திறனை எப்படி அறிவது என்று கேட்டீர்கள். பளபளக்கும் காரைக் காட்டி “இது என் வேலை” என்பவரிடம் நீங்கள் பார்ப்பது பெயிண்டரின் வேலையை. பெயிண்டுக்கு முன் அடிக்கும் முதல் பூச்சான பிரைமர்கூட அடிக்காத வெறும் தகட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதன் முன்புறத்தைவிடப் பின்புறத்தைப் பாருங்கள். நல்ல வேலையில் பின்புறத்திலும் டாலி (தகட்டின் மறுபுறம் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டை) வைத்து அடித்த தடங்கள் நெருக்கமாக, ஒரே சீராக இருக்கும். வெல்டிங் வைத்த கோடு இருபுறமும் அடித்துச் சமன் செய்யப்பட்டிருக்கும். அடுத்து, அவர் தகட்டை எப்படித் தொட்டுப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். கண் ஏமாற்றும் என்பதால், தேர்ந்தவர் மெல்லிய துணியை உள்ளங்கைக்கு அடியில் வைத்து, நீள வாக்கில் தடவிப் பார்த்தே மேடு பள்ளத்தைச் சொல்லிவிடுவார்.

இன்னொரு சோதனையும் உண்டு. தகடு அடிபட்டால் நீளும். நீண்ட தகடு தன் இடத்தில் அடங்காமல் உப்பி, அழுத்தினால் உள்ளே போய், விட்டால் ‘டப்’பென்று வெளியே வரும். அப்படி ஒரு தகட்டை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். காசளவு இடத்தைச் சிவக்கக் காய்ச்சி, சுற்றிலும் மெதுவாகத் தட்டி, ஈரத் துணியால் ஒற்றிச் சுருக்குவேன் என்று சொல்பவருக்குத் தகடு தெரியும். பட்டி போட்டு மறைத்துவிடலாம் என்பவருக்குத் தெரியாது. பட்டியை நான் முற்றிலும் வெறுப்பவன் அல்லன். கடைசிச் சிறு குறைகளுக்கு அது வேண்டியதுதான். ஆனால் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அதன் கனம் போனால் அங்கே தகட்டு வேலை செய்யப்படவில்லை என்று பொருள். மேலும் பட்டி ஈரத்தை உறிஞ்சும்; கடற்காற்று அடிக்கும் உங்கள் பகுதியில் அதன் அடியில் துரு மீண்டும் கிளம்பும். சிறு காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துச் சென்று, அவர் முன்பு முடித்த வண்டியின் மீது நகர்த்திப் பாருங்கள். பட்டி கனமாக உள்ள இடத்தில் காந்தம் பிடிக்காமல் வழுக்கும்.

வெல்டிங் பற்றியும் கேளுங்கள். தரைக்கு, மின்சாரத்தால் கம்பியை உருக்கி ஒட்டும் மிக் வெல்டிங் போதும்; தவறில்லை. வெளியே தெரியும் வளைவான தகடுகளில் கேஸ் வெல்டிங்கின் கோடு மென்மையாக இருப்பதால் அதை அடித்துப் படிய வைக்கலாம். மிக் வெல்டிங்கின் கோடு கடினமாக இருக்கும், அரைத்துத்தான் எடுக்க வேண்டும். கேஸில் சூடு அதிகம் பரவும் என்பதும் உண்மை. அந்தச் சூட்டை அடக்கத் தெரிந்த கைதான் உங்களுக்குத் தேவை. பித்தளை வைத்து ஒட்டுபவர்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதற்குப் போடும் பொடியின் மிச்சம் ஈரத்தை இழுத்துப் பெயிண்டைக் கொப்பளிக்க வைக்கும். பிறகு அந்த இடத்தில் சரியான வெல்டிங்கும் பிடிக்காது.

ஹெரால்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தக் காரின் உடல் அம்பாசிடரைப் போன்றதன்று. தனிச் சேஸியின் (அடிச்சட்டத்தின்) மேல், பல துண்டுகளாகச் செய்த உடலைப் போல்ட் போட்டுப் பூட்டியிருப்பார்கள். இங்கிலாந்தில் அந்த வண்டியை உருவாக்கியபோது முழு உடலை ஒரே இடத்தில் அடித்துத் தர ஆள் கிடைக்காததால், வெவ்வேறு இடங்களில் செய்து பூட்டும்படி அமைத்தார்கள். அந்த நெருக்கடி இன்று உங்களுக்கு உதவுகிறது: கதவுக்குக் கீழே உதிரும் தகடு கழற்றி மாட்டக்கூடியது, அது பாரம் தாங்குவதும் இல்லை. ஆனால் சேஸியிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் உடலைத் தாங்குபவை. அவை அரித்திருந்தால் தரையைப் புதிதாக்கிப் பயனில்லை. எனவே மேஸ்திரியிடம், “உடலைச் சேஸியிலிருந்து தூக்குவீர்களா? தூக்கினால் கதவு வாயை எப்படிக் கட்டுவீர்கள்?” என்று கேளுங்கள். கதவு பொருந்தும் திறப்பான அந்தக் கதவு வாயின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பற்ற வைத்துவிட்டுத்தான் வெட்டுவேன் என்று அவராகவே சொன்னால், மேற்கொண்டு யோசிக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. ஹெரால்டில் பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள் இருக்கும். டிக்கித் தரையில் நெருப்பு வைக்கும் முன் அதைக் கழற்றி, பட்டறைக்கு வெளியே கொண்டுபோய் வைக்க வேண்டும். காலி டேங்குதானே என்று விட்டுவிடக்கூடாது. உள்ளே நிற்கும் ஆவிதான் ஆபத்து.

தண்டையார்பேட்டை பத்மினி பதிலளித்தது:

மேலே ஐயா கூறியதற்கு என் அனுபவமே சாட்சி. என்னிடம் இருப்பது பிரீமியர் பத்மினி. அதில் தனிச் சேஸி கிடையாது. கதவுக்குக் கீழுள்ள தகட்டுப் பெட்டிதான் வண்டியின் முதுகெலும்பு. நான் மொத்தத் தொகை பேசி, அதில் பாதிக்கு மேல் முன்பணமாகக் கொடுத்த பட்டறையில், அடியில் முட்டுக் கொடுக்காமல் இரு பக்கத்தையும் ஒரே நாளில் அறுத்துவிட்டார்கள். வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது. அதன்பின் கதவுகள் பொருந்தவே இல்லை. பொருந்தாத கதவைப் பொருத்துவதற்காகக் கதவின் விளிம்பையும் அறுத்தார்கள். மூன்று ஆண்டுகள் நான் அந்தப் பட்டறைக்கு நடந்தேன். என் வண்டியின் கண்ணாடி ரப்பர்களும் கைப்பிடிகளும் எங்கே போயின என்று கடைசிவரை தெரியவில்லை. இறுதியில் வேறொரு மேஸ்திரி, கதவு வாயை மறுபடி இழுத்து அளந்து கட்டி, முதலில் செய்ததையெல்லாம் பிரித்துத்தான் சரிசெய்தார்.

ஆகவே பணத்தைப் பற்றி நான் சொல்வது இதுதான். மொத்தத் தொகை பேசினால் வேலையைச் சீக்கிரம் முடிப்பதே பட்டறைக்காரருக்கு லாபம். துருவைத் தேடிக் கண்டுபிடிப்பது அவருக்கு நட்டம். நாள் கூலியில் அந்த இடர் இல்லை. உங்கள் வீட்டாரின் அச்சத்துக்கும் வழி உண்டு. வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: முதலில் பெயிண்டை உரித்துத் துருவைக் காட்டுவது மட்டும். அதற்குரிய நாட்களின் கூலியைக் கொடுத்துவிட்டு, வெறும் தகட்டைப் பார்த்தபின் அடுத்த கட்டத்துக்கு எத்தனை நாளாகும் என்று கேளுங்கள். ஒவ்வொரு கட்டமும் பிரைமர் அடிக்கும் முன் நீங்கள் நேரில் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு நேர்மையாக இருந்தாலும் ஆறு மாதத்தில் இருவருக்குமே மறந்துவிடும். கழற்றும் ஒவ்வொரு பொருளையும் படம் எடுத்து, பெயரெழுதிய பைகளில் போட்டு, உங்கள் வீட்டிலேயே வையுங்கள்.

காகித வேலையையும் தள்ளிப்போடாதீர்கள். ஆர்.சி. இன்னும் தந்தையார் பெயரில் இருந்தால், வாரிசுக்கு மாற்றும் 31ஆம் எண் படிவத்தைக் கொடுத்து முதலில் அதை முடியுங்கள். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டியிருக்கும். உங்கள் வண்டி ஐம்பது ஆண்டுகளைக் கடந்தது என்பதால், 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி அதைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்யவும் வழி உண்டு. எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாயும், பத்து ஆண்டுகள் கழித்துப் புதுப்பிக்க 5,000 ரூபாயும் கட்டணம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது. வண்டி அதன் மூல வடிவில் இருக்க வேண்டும், சேஸியிலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதும் அந்த விதியில் உள்ளது. எனவே பழுதுபார்ப்பின் ஒவ்வொரு நிலைக்கும் படம் வைத்திருங்கள். சேஸி எண் பொறித்த தகட்டைக் கழற்ற நேர்ந்தால் அன்றே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

வியாசர்பாடி பட்டறை மகள் பதிலளித்தது:

என் அப்பா நாற்பது ஆண்டுகள் டிங்கர் வேலை செய்தவர். இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. சுத்தியல் சத்தம் கொடுத்த பரிசு அது. வேலை கொடுப்பவர் பக்கத்திலிருந்து எல்லோரும் எழுதிவிட்டீர்கள். வேலை செய்பவர் பக்கத்தையும் அறிந்தால் உங்களுக்கு முடிவெடுக்க எளிதாக இருக்கும்.

இன்றைய கார்களில் அடிபட்ட பாகத்தைக் கழற்றிப் புதியதை மாட்டுகிறார்கள். அதில்தான் பட்டறைக்கு வருமானம். பழைய கார் ஒன்று உள்ளே வந்தால், நான்கு புதுக் கார்கள் நிற்கும் இடத்தை மாதக்கணக்கில் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் உங்களுக்கு இரண்டாவதாகச் சொன்னவர் காயலான் கடைக்குப் போடச் சொன்னார்; அவருக்கு வேலை தெரியாது என்று உடனே நினைக்க வேண்டாம். இடம் உங்கள் கொட்டகையிலேயே இருக்கிறதென்றால், அங்கேயே வந்து செய்ய முடியுமா என்று மேஸ்திரியைக் கேட்டுப் பாருங்கள். மேலே கூரை, நல்ல வெளிச்சம், மின்விசிறி, சிலிண்டர் நிற்க ஓரம், இவற்றைச் செய்து கொடுத்தால் பாதிச் சுமை குறையும். தரைத் தகட்டை உரிப்பது, கழுவுவது, கம்பித் தூரிகையால் தேய்ப்பது ஆகியவற்றை நீங்களே செய்யலாம். கண்ணாடியும் முகக் கவசமும் அவசியம். மேஸ்திரியின் கூலியை அவருடைய கைக்கு மட்டும் உரியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் நீங்களாகச் செய்துவிடாதீர்கள்: விரைவாகத் துரு போகும் என்று கதவையும் பானட்டையும் மணல் பீய்ச்சச் சொல்லி அனுப்பினால், அந்த மெல்லிய தகடு நெளிந்து திரும்பும், பிறகு யாராலும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம். சேஸிக்கு அது தாங்கும்.

தகட்டை நீங்களே வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் மேஸ்திரியை உடன் அழைத்துச் செல்லுங்கள். இருபது கேஜ் சி.ஆர். (குளிர்நிலையில் உருட்டிய) தகடு, ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர், பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்தும். துருப்பிடிக்காது என்று எண்ணி துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு வாங்கிவிடாதீர்கள். அதை வெல்டிங் செய்யும்போது எழும் துத்தநாகப் புகை வேலை செய்பவருக்குக் காய்ச்சலைக் கொண்டுவரும். என் அப்பா அப்படி இரண்டு நாட்கள் படுத்ததை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். பழைய வண்டிகளின் இணைப்புகளில் காரீயம் நிரப்பியிருப்பதுண்டு. அதை உலர்வாக அரைத்துத் தூளாக்குவதும் கூடாது.

இன்னொரு வேண்டுகோள். தினமும் வாருங்கள், ஆனால் தோளுக்குப் பின்னால் நிற்காதீர்கள். மாலையில் வந்து, அன்று செய்ததைக் காட்டச் சொல்லிக் கேட்டால், பெரும்பாலான மேஸ்திரிகள் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். தங்கள் வேலை பட்டிக்கும் பெயிண்டுக்கும் அடியில் மறைந்துவிடும் முன் அதைப் பார்க்க விரும்புகிற ஒருவர் கிடைப்பது அவர்களுக்கு அரிது. கூலியைச் சனிக்கிழமைதோறும் தவறாமல் கொடுத்துவிடுங்கள். உதவியாளுக்கும் வீட்டில் வயிறுகள் உண்டு.

ராயபுரம் பெயிண்டர் பதிலளித்தது:

சுருக்கமாக ஒரு செய்தி. எர்ணாவூர்க் காற்றில் வெறும் தகட்டை ஓர் இரவு விட்டாலே செம்மை படரும். அன்றன்று முடித்த பகுதிக்கு அன்றே எபாக்சி பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். ரெட் ஆக்சைடு பிரைமர் மட்டும் அடித்துவிட்டு மாதக்கணக்கில் விட்டால், அது ஈரத்தை உள்ளே விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தகட்டு வேலை செய்யலாம், பெயிண்ட் அடிக்கக்கூடாது. குறிப்பாக என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் ஈரக்காற்றில் வெளிறிப் பூத்துவிடும். தைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

எர்ணாவூர்க்காரன் மீண்டும் எழுதியது:

பதிலளித்த அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்றுக் கொருக்குப்பேட்டைக்குச் சென்று அந்த மேஸ்திரியைப் பார்த்தேன். பெரம்பூர் ஐயா சொன்ன கேள்விகளை நான் கேட்கத் தொடங்கியதும், அவர் பதில் சொல்லாமல் என்னை உள்ளே அழைத்துச் சென்று, பாதி முடிந்த அம்பாசிடர் மட்கார்டு ஒன்றைத் திருப்பி வைத்துக் காட்டினார். பின்புறம் முழுவதும் சுத்தியல் தடங்கள் நெசவைப் போல ஒரே சீராக இருந்தன. கதவு வாயைப் பற்றிக் கேட்டபோது, சுவரோரம் சாத்தியிருந்த இரண்டு குழாய்களைக் காட்டி, “அதற்குத்தான் வைத்திருக்கிறேன்” என்றார்.

எங்கள் கொட்டகையிலேயே வேலை செய்ய ஒப்புக்கொண்டுவிட்டார். முதல் கட்டம் பெயிண்டை உரிப்பதும் சேஸியின் கைகளைப் பார்ப்பதும். அதற்கு ஆறு நாட்கள் என்று தாளில் எழுதிக்கொண்டோம். வீட்டாரும் சமாதானமாகிவிட்டார்கள். பெட்ரோல் டேங்கை இன்று காலை நான் அவரோடு சேர்ந்து கழற்றி வெளியே வைத்தேன்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாதிரிக்காகப் பின்பக்க இடது மட்கார்டில் கையகலம் உரித்துப் பார்த்தோம். மூன்று அடுக்குப் பெயிண்டுக்கு அடியில் ஒரு பழைய வெல்டிங் கோடு தெரிந்தது. 1981இல் மணலி அருகே ஒரு லாரி உரசியதாகவும், பழுதுபார்க்கத் தாம் ஒரு மாதம் காத்திருந்ததாகவும் என் தந்தையார் சொல்வார். இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். மேஸ்திரி துணியை வைத்து அந்த இடத்தை இரண்டு முறை தடவிப் பார்த்தார். உள்ளே கையை விட்டுப் பின்புறத்தையும் தொட்டுப் பார்த்தார். பட்டி சிறிதும் இல்லை, கேஸ் வைத்து அடித்துப் படிய வைத்திருக்கிறார்கள், யார் செய்ததோ நன்றாகச் செய்திருக்கிறார் என்றார். அந்த ஒட்டைத் தொடாமல் அப்படியே விட்டுவிடலாம் என்கிறார். நானும் சரி என்று சொல்லிவிட்டேன்.